விழும்போது மட்டும் வரும் சத்தம்

"என்ன மாதிரி சத்தம் சார்?" என்று கேட்பார்கள். டொக் என்பேன். "டொக்குங்களா, கடக்குங்களா?" டொக்தான். "ஒத்தையா வருதா, தொடர்ந்தாப்பல வருதா?" ஒற்றைதான். இடது பின் சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஒரே ஒரு டொக். மேட்டில் ஏறும்போது இல்லை, விழும்போது மட்டும். பாரம் ஏற்றினால் இல்லை, காலி வண்டியில் மட்டும். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வது? தாளில் எழுதிக்கூடக் கொடுத்துப் பார்த்தாயிற்று. எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டி முடித்ததும் அவரவர் கைக்குப் பழகின இடத்தைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ரகம். பின்னால் பட்டை ஸ்பிரிங். கொல்லிமலையில் சோளக்காட்டைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது, அதற்குப் போய்வரத்தான். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். அது தார்ச்சாலை, மொபெட்டில்கூட ஏறிவிடலாம். வளைவெல்லாம் முடிந்து, தாரும் முடிந்து, தோட்டத்துக்குள் இறங்கும் மண்தடம் இருக்கிறதே, அங்கேதான் வண்டிக்கு வேலை. மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட வாய்க்கால், நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் பாறை, குறுக்கே பலாமர வேர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டொக் கேட்கும்.

"பாட்டைக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்குங்க மாமா" என்றான் மருமகன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் பாதிப் பேர் நிஜமாகவே அப்படித்தான் வண்டி ஓட்டுகிறார்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் பின் ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கிப் பிடித்திருப்பது யூ போல்ட். அது தளர்ந்தால் நடுவில் இருக்கிற சென்டர் போல்ட் மட்டும் தனியாகத் தாங்கித் தாங்கி ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்தால் ஆக்சில் இடம் மாறி வண்டி கோணலாக ஓடும். கீழே பள்ளத்தாக்கு தெரிகிற வளைவில் இறங்கும்போது இந்த ஞாபகம் வந்தால் எந்தப் பாட்டும் காதில் ஏறாது.

முதலில் போனது சர்வீஸ் சென்டருக்கு. கண்ணாடிச் சுவர் வைத்த வரவேற்பறை, காப்பி மெஷின், கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜாப் கார்டில் ஒரே வரி அடித்தார்: பின்பக்கம் சத்தம். இடது போச்சு, பள்ளம் போச்சு, காலி வண்டி போச்சு. அந்த டேப்லெட்டில் அவ்வளவுக்குத்தான் இடமாம். "வாங்க சார், ஒரு டிரையல் பாத்துரலாம்" என்று அவர் ஓட்டிக்கொண்டு போனது சேலம் நெடுஞ்சாலையில். நான்கு வழிச்சாலை, ஒரு சொட்டை கிடையாது. வீட்டில் ஓயாமல் பாடுகிற பிள்ளை விருந்தாளி வந்து 'பாடு கண்ணு' என்றதும் வாயை இறுக்கி மூடிக்கொள்ளுமே, அப்படி இருந்தது என் வண்டி. "ஒண்ணும் கேக்கலையே சார்!" பள்ளம் வேணும் தம்பி என்றேன். நம் ஊரில் பள்ளத்துக்குப் பஞ்சமா? குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய ஒரு தெருவைத் தேடிப்பிடித்து விட்டோம். டொக். அவர் முகத்தைப் பார்த்தேன். துளி சலனம் இல்லை. "இந்த வண்டிக்கு இது நார்மல் சார்."

கேட்காதவரை சத்தம் இல்லை, கேட்டுவிட்டால் நார்மல். இதற்கு நடுவில் நான் எங்கே போய் நிற்பது?

அப்புறம் லிஃப்டில் ஏற்றினார்கள். ஏற்றி, கீழே நின்று, ஒரு கடப்பாரையைக் கொடுத்து ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தார்கள். எல்லாம் 'டைட்'. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. வண்டியைத் தூக்கினால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஆக்சிலின் எடை முழுவதும் பட்டையையும் ஷாக் அப்சார்பரையும் கீழே இழுத்துக்கொண்டு நிற்கும். எங்கே ஆட்டம் இருந்தாலும் அந்த இழுப்பில் ஒரே பக்கமாக ஒதுங்கிப் பொருந்திக்கொள்ளும். கையால் ஆட்டினால் அசையாது. ஓடுகிற வண்டியில் எடை ஏறி இறங்கி, அந்த இடைவெளி திறந்து மூடினால்தான் டொக் கேட்கும். தூக்கி வைத்துப் பார்ப்பது சில கோளாறுகளுக்கு நல்லது. இந்த மாதிரி கோளாறுக்கு அதைவிட ஏமாற்று வேறில்லை. அங்கே வேலை செய்கிற மெக்கானிக்குக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் ஒரு வண்டிக்கு இத்தனை மணி நேரம் என்று அவருக்கும் மேலே இருந்து அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

சும்மா அனுப்பவில்லை. அடிப்பக்கம் துரு பிடிக்காமல் இருக்கக் கறுப்புக் கோட்டிங் அடித்து அனுப்பினார்கள். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் என்ன என்று கேட்டேன். "ஆஃபர் போயிட்டிருக்கு சார்."

அடுத்து வெளி மெக்கானிக்குகள். இவர்கள் நார்மல் என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு நேர் எதிர். வண்டி ஷெட்டுக்குள் நுழைவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். புஷ் வைத்திருப்பவர் "புஷ் போயிருச்சுங்க" என்பார். பட்டறைக்காரர் "பட்டை தொய்ஞ்சிருச்சு, செட்டு போடுங்க" என்பார். இன்னொருவர் "கிராஸ்" என்றார், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டு.

கிராஸ் விஷயத்தில் நான் சண்டையே போட்டேன். கிராஸ் தேய்ந்தால் கிளட்ச்சை விட்டு வண்டி நகரும்போது, ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது தட்டும். ஓட்டத்தில் வந்தாலும் வேகத்தோடு சேர்ந்து கூடும், குறையும். கணக்கே போட்டுக் காட்டினேன். சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் இருக்கிற டயர், 20 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு இரண்டரை சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் அப்படியல்ல. பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பில் கிரவுன் பினியன் விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றிவிடும், அதே வேகத்தில் விநாடிக்குப் பதின்மூன்று சுற்று. விகிதம் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், கதை ஒன்றுதான். அங்கே கோளாறு இருந்தால் எண்ண முடியாத வேகத்தில் கடகடக்க வேண்டாமா? என்னுடையது பள்ளத்துக்கு ஒரு டொக். சமதரையில் நியூட்ரலில் உருட்டிவிட்டுப் பள்ளத்தில் இறக்கினாலும் அதே டொக். அப்புறம் இன்ஜினுக்கும் கியருக்கும் ஷாஃப்ட்டுக்கும் இதில் என்ன வேலை? அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாங்க சார். ஆனா கிராஸை மாத்திட்டா ஒரு சந்தேகம் தீர்ந்துரும் பாருங்க." மாற்றினார். அவருடைய சந்தேகம் தீர்ந்தது.

புஷ் மாற்றியவர் இன்னொரு புண்ணியம் கட்டிக்கொண்டார். பட்டையின் கண்ணில் ரப்பர் புஷ் போட்டால், வண்டியைத் தரையில் இறக்கி எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் நட்டைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்குகிற நிலையிலேயே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். இவர் அந்தரத்திலேயே இறுக்கினார். சொன்னதற்கு, "நாங்க எத்தனை வண்டி பாத்திருக்கோம்" என்றார். அந்தக் கணக்கை நான் கேட்கவில்லை.

இதற்கிடையில் வீட்டிலும் வேட்டை நடந்தது. ஜாக்கியை எடுத்து வெளியே வைத்தோம். ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். பின்கதவுச் சங்கிலிக்குத் துணி சுற்றினோம். பேட்டரி கிளாம்ப், சைலன்சர் தொங்கும் ரப்பர், டீசல் டேங்கைப் பிடிக்கும் பட்டி, பின் பெஞ்சின் கால்... எதைத் தொட்டாலும் அது கொஞ்சம் ஆடத்தான் செய்தது. ஆடினதையெல்லாம் கட்டிப் போட்டதில் வண்டியே கோயில் தேர் மாதிரி கயிறும் துணியுமாக நின்றது, சத்தம் மட்டும் அசையவில்லை.

தோட்டத்தில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வருவார். அவர் ஒரு நாள், "ஏனுங்க, இங்க என் குதிகாலுக்கு அடியில தட்டுதுங்க" என்றார். காதில் கேட்டது என்று சொல்லவில்லை, காலில் தட்டியது என்றார். இரும்பில் சத்தம் ஓடுவது விநாடிக்கு ஐயாயிரம் மீட்டர் அளவில், காற்றில் 340 மீட்டர்தான். ஒரு மூலையில் தட்டினால் சேஸிஸ் முழுக்க அதிர்ந்து, எல்லா மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்பட்டு வருகிறது. நம் காது திசையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இரண்டு காதுக்கும் சத்தம் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம் அது. தகரக் கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, நாலு பக்கமும் எதிரொலிக்கிற சத்தத்தில் காதால் என்ன செய்ய முடியும்? குதிகால் பொய் சொல்லாது. வலுவான தட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதற்கு உறைக்கும். இந்தக் குதிகால் சாட்சியத்தையும் அடுத்த ஷெட்டில் சொன்னேன். அந்த மெக்கானிக் சிரித்தார். நியாயம்தான், அவருக்கு விற்க வேண்டியிருந்தது ஷாக் அப்சார்பர்.

பின்னால் இரண்டும் புதுசு. போட்டுக்கொண்டு மலையேறினால், சத்தம் கூடியிருந்தது! குறையாமல் இருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். புது ஷாக் முறுக்காக இருக்கும், சக்கரம் கீழே விழும்போது பழையதைவிட வலுவாக இழுத்துப் பிடிக்கும். அப்படி இழுக்கும்போது சத்தம் கூடுகிறது என்றால், ஷாக் எதைப் பிடித்துத் தொங்குகிறதோ அங்கே பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டும் அல்லவா? போனில் சொன்னேன். "புதுசு செட் ஆவறதுக்குக் கொஞ்ச நாளாகும் சார், ஓட்டுங்க."

அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, மறைக்கக் கூடாது. பில் புத்தகத்தில் சாமானுக்கு ஒரு பத்தி, கூலிக்கு ஒரு பத்தி. தேடியதற்குப் பத்தி கிடையாது. ஒரு மெக்கானிக் அரை நாள் முதுகில் படுத்துத் தேடி, கடைசியில் ஒரு நட்டை அரைச் சுற்று முறுக்கிச் சரிசெய்தால், "ஒரு நட்டுக்கா இவ்வளவு?" என்று கேட்கிற ஊர் நம்முடையது. அதே ஆள் தேடவே தேடாமல் நாலாயிரம் ரூபாய்ச் சாமானை மாற்றினால் வாயைத் திறக்காமல் எண்ணிக் கொடுப்போம், கையில் பழைய சாமானைக் கொடுத்துவிட்டார் அல்லவா. பிறகு அவர் ஏன் தேட வேண்டும்? கோளாறு எங்கே என்று யோசிப்பதைவிட, கடையில் என்ன கிடைக்கும் என்று யோசிப்பது அவருக்கு லாபம். கடையில் கிடைக்காத ஒன்று கெட்டுப்போக முடியும் என்பதையே இந்தத் தொழில் மெல்ல மறந்துகொண்டிருக்கிறது. என் வண்டியில் கெட்டிருந்தது கடையில் கிடைக்காத ஒன்று.

அதைக் கண்டுபிடித்தவர் மெக்கானிக்கே அல்ல. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். மூட்டை கட்டுவதற்குப் பின்னால் ஒரு கம்பி கேரியர் வைக்கச் சொல்லிப் போயிருந்தேன். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசிப் பேசி அலுத்துவிட்டது. அவர் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு எர்த் கிளாம்ப்பைக் கவ்வவைக்கப் பெயின்ட் இல்லாத இடம் தேடி, வண்டிக்கு அடியில் தலையை விட்டார். சக்கரம் நாலும் தரையில், எடை முழுவதும் சக்கரத்தில். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏனுங்க, இந்தப் பிராக்கெட்டு வாய் பொளந்து கெடக்குதே, பாக்குலீங்களா?"

குனிந்து பார்த்தேன். இடது பின் ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கிற இரும்புக் காது. சேஸிஸோடு வைத்து வெல்டு செய்தது. வெல்டிங்கின் ஓரத்தோடு, தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. கறுப்புக் கோட்டிங்குக்கு உள்ளிருந்து துருப்பொடி கசிந்து வெளியே வந்திருந்தது. இரண்டு இரும்பு முகம் ஒன்றோடொன்று உரசினால் அப்படித்தான் செம்பொடி தள்ளும். சர்வீஸ் சென்டரில் அடித்த கோட்டிங் விரிசலின் மேலேயே அழகாகப் போர்த்தியிருந்தது. அதுவும் கழுவாமல், மண்ணோடு சேர்த்து. அவர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினார், கறுப்புத் தோல் உரிந்து, அடியில் கோடு விரல் நீளத்துக்கு ஓடியது. வண்டியின் பின்பக்கத்தை ஒரு பையனை விட்டு மேலே தூக்கி விடச் சொன்னார். கோடு திறந்தது, மூடியது. டொக்.

சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஷாக் நீண்டு அந்தக் காதைக் கீழே இழுக்கும், விரிசல் வாய் திறக்கும், மறுகணமே மூடிக்கொண்டு தட்டும். பாரம் ஏற்றினால் பட்டை ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும், சக்கரம் அவ்வளவு தொங்காது, ஷாக்கும் கடைசி வரை நீளாது. லிஃப்டில் தொங்கவிட்டால் வாய் திறந்தபடியே நிற்கும், நெம்பினாலும் ஆடாது. நான் எழுதிக் கொடுத்த தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பிராக்கெட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதில்தான் புது ஷாக்கை மாட்டி, நட்டை முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த நட்டுக்கும் விரிசலுக்கும் நாலு விரல் தூரம்கூட இல்லை.

வெல்டர் அவசரப்படவில்லை. கிரைண்டரால் கோட்டிங்கையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்தார். விரிசல் முடிகிற முனையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டார். அப்படிப் போடாவிட்டால் விரிசல் வெல்டிங்கைத் தாண்டி மறுபடி ஓடும். கோட்டை வாய்க்கால் போலப் பள்ளமாக்கி, உள்ளிருந்து நிரப்பி வந்தார். மேலே ஒரு துண்டுத் தகடு வைத்து அண்டை கொடுத்தார். பிறகு கேட்காமலேயே வலது பக்கமும் போய்ச் சுரண்டிப் பார்த்து, "இது நல்லாத்தாங்க இருக்குது" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். கேரியருக்குப் பேசின காசைச் சொன்னார். இதற்கு? "ரெண்டு ராடுதானுங்களே போச்சு." வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பில்லில் அப்போதும் 'கேரியர்' என்று மட்டும்தான் எழுதினார்.

மலையேறி, தோட்டத்துத் தடத்தில் காலி வண்டியை விட்டேன். பள்ளம், பாறை, வேர். ஒன்றுமில்லை. பின்னால் அண்ணன் குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "போயிருச்சுங்க" என்றார்.

வீட்டில் ஒரு சாக்கு இருக்கிறது. கழற்றிக் கொடுத்த புஷ், கிராஸ், ஷாக் அப்சார்பர் எல்லாம் அதில் கிடக்கின்றன. பெரும்பாலும் எந்தப் பழுதும் இல்லாத சாமான்கள். பழைய இரும்புக்காரர் கிலோ விலைக்குத்தான் எடுப்பாராம்.

அடுத்த வாரம் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நல்ல மரியாதையான குரல். "சார், நீங்க சொன்ன பின்பக்கம் சத்தம் கம்ப்ளெயின்ட், இப்போ எப்படி இருக்கு சார்?" இப்போது இல்லை என்றேன். மேற்கொண்டு சொல்ல வாயெடுப்பதற்குள், "ரொம்ப நன்றி சார், அப்போ சால்வ்டுன்னு போட்டுக்கறேன். எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் சார் குடுப்பீங்க?" என்றார்.